ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கில் டியூனர் கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்ட்ரீமிங் கருவிகளைப் பற்றித் தொழில்நுட்பப் பக்கங்களில் வரும் குறிப்புகளில், 'உள்ளூர் சேனல்களை இலவசமாகவும் பார்க்கலாம்' என்ற ஒரு வரி தவறாமல் இருக்கிறது. எப்படி என்பது மட்டும் இருப்பதில்லை. அந்த வரியை நம்பி ஸ்டிக் வாங்குபவர்கள், ஆண்டெனா வயரை எதில் செருகுவது என்று தேடுகிறார்கள். செருக இடமே கிடையாது. ரோக்கு, ஃபயர் டிவி, ஆப்பிள் டிவி, கூகுள் டிவி என்று எந்த ஸ்டிக் அல்லது பெட்டியை எடுத்தாலும் இன்டர்நெட் வழியாகவோ வீட்டு நெட்வொர்க் வழியாகவோ வருவதைத்தான் அது காட்டும். காற்றில் வரும் தரைவழி ஒளிபரப்பைப் பிடிக்கும் டியூனர் பொதுவாக அதற்குள் இல்லை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத இடம் தர வேண்டுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஆப் ஸ்டோரில் 'இலவச லைவ் டிவி' என்று கிடைப்பவை பெரும்பாலும் விளம்பர வருமானத்தில் இன்டர்நெட்டில் ஓடும் சேனல்கள். ஊர்க் கோபுரத்திலிருந்து வரும் ஒளிபரப்புக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. ஒளிபரப்பு நிறுவனங்கள் சொந்த ஆப்பில் தரும் நேரலை வேறு வகை. அதில் உரிமைச் சிக்கலால் சில விளையாட்டுப் போட்டிகள் மறைக்கப்படும். படமும் ஆண்டெனாவில் வருவதைவிடப் பல நொடிகள் பின்தங்கியே வரும். 'வாழ்நாள் முழுக்க எல்லாச் சேனலும் இலவசம்' என்று விற்கப்படும் பெட்டிகள் திருட்டு இணைப்புகள். அவற்றின் பக்கமே போகாதீர்கள்.

ஆண்டெனாவில் வரும் சேனலை ஸ்டிக்கில் பார்க்க நடுவில் ஒரு நெட்வொர்க் டியூனர் வேண்டும். ஆண்டெனா கேபிள் ஒரு பக்கம் நுழையும், மறு பக்கம் ஈதர்நெட் கேபிள் ரவுட்டருக்குப் போகும். டியூனர் ஒளிபரப்பைத் தரவாக மாற்றி வீட்டு நெட்வொர்க்கில் விடும். ஸ்டிக்கில் உள்ள ஆப் அதை எடுத்துக் காட்டும். சிலிக்கான்டஸ்ட் நிறுவனத்தின் எச்டிஹோம்ரன் இந்த வகையில் பரவலாகத் தெரிந்த பெயர். டாப்லோவும் அதே வேலையைச் செய்கிறது.

வீட்டில் ஒரே டிவிதான், அதன் அருகிலேயே ஆண்டெனா வயரும் வருகிறது என்றால் இதில் எதுவும் தேவையில்லை. டிவியின் பின்புறத்தில் இருக்கும் ஆண்டெனா துளையில் வயரைச் செருகி, மெனுவில் சேனல் ஸ்கேன் கொடுத்தால் போதும். நெட்வொர்க் டியூனருக்கு வேலை வருவது வேறு இடங்களில்: டியூனர் இல்லாத மானிட்டர் அல்லது புரொஜெக்டரில் பார்ப்பவர்களுக்கு, பல அறைகளில் டிவி வைத்திருப்பவர்களுக்கு, ரெகார்டிங் வேண்டுபவர்களுக்கு. எல்லாவற்றையும்விட முக்கியமாக, சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடமும் டிவி இருக்கும் இடமும் வெவ்வேறாக உள்ள வீடுகளுக்கு.

டியூனர் வாங்கும்போது பார்க்க வேண்டிய முதல் விஷயம், அது எந்த ஒளிபரப்பு முறைக்கானது என்பது. அமெரிக்கா, கனடா, தென் கொரியாவில் ஏடிஎஸ்சி. ஐரோப்பா, சிங்கப்பூர், மலேசியா போன்ற இடங்களில் டிவிபி-டி அல்லது டிவிபி-டி2. ஜப்பானில் ஐஎஸ்டிபி-டி, பிரேசிலில் அதன் மாற்று வடிவம். ஒரு முறைக்கான டியூனர் இன்னொரு முறையில் ஒரு சேனலைக்கூடப் பிடிக்காது. வெளிநாட்டிலிருந்து உறவினர் கையில் கொடுத்தனுப்பும் டியூனர் பெட்டியிலேயே தூங்குவதற்கு இதுதான் காரணம். டிஷ்ஷில் வரும் செயற்கைக்கோள் சேனல்களுக்கு டிவிபி-எஸ்2 என்ற தனி வகை டியூனர் வேண்டும். தரைவழி டியூனரில் டிஷ் வயரைச் செருகிப் பயனில்லை.

இனி ஆண்டெனா. பணமும் உழைப்பும் போக வேண்டிய இடம் இதுதான், ஆனால் பெரும்பாலானவர்கள் ஸ்டிக்குக்குச் செலவழித்துவிட்டு ஆண்டெனாவில் மிச்சம் பிடிக்கிறார்கள். ஆண்டெனாவின் அளவை அலைநீளம் தீர்மானிக்கிறது. யுஎச்எஃப் என்ற உயர் அலைவரிசைப் பட்டையில் 600 மெகாஹெர்ட்ஸுக்கு அலைநீளம் அரை மீட்டர். அதில் பாதி, அதாவது 25 சென்டிமீட்டர் நீளமுள்ள உலோகக் கம்பி அதை நன்றாகப் பிடிக்கும். அதைவிடத் தாழ்ந்த விஎச்எஃப் பட்டையில் 180 மெகாஹெர்ட்ஸுக்கு அந்தப் பாதி நீளம் சுமார் 83 சென்டிமீட்டர். சுவரில் ஒட்டும் தாள் போன்ற தட்டை ஆண்டெனா யுஎச்எஃப் சேனல்களைத் தாராளமாகப் பிடித்து விஎச்எஃப் சேனலில் மட்டும் கைவிடுவது இதனால்தான். 'எல்லாம் வருகிறது, ஒன்றிரண்டு சேனல் மட்டும் கட்டம் கட்டமாக உடைகிறது' என்றால் அந்தச் சேனல் எந்தப் பட்டையில் வருகிறது என்று முதலில் பாருங்கள். அமெரிக்காவில் திரையில் தெரியும் எண் உண்மையான அலைவரிசை எண் அல்ல, திரையில் 5.1 என்று காட்டும் சேனல் யுஎச்எஃப் பட்டையில் ஒளிபரப்பாகலாம், 30-க்கு மேல் எண் உள்ள சேனல் விஎச்எஃப்பில் இருக்கலாம். அங்குள்ள ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான எஃப்சிசியின் இணையதளத்தில் முகவரியைக் கொடுத்தால் உண்மையான எண்ணும் கோபுரத்தின் திசையும் கிடைக்கும்.

ஆண்டெனாப் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் 'இத்தனை மைல் தூரம்' என்பதை நம்ப வேண்டாம். அதை அளக்கும் முறை எதுவும் இல்லை. பூமியின் வளைவு, நடுவில் இருக்கும் மேடு, கட்டடங்கள், ஆண்டெனாவின் உயரம் ஆகியவைதான் தூரத்தைத் தீர்மானிக்கின்றன. அறைக்குள் வைக்கும் ஆண்டெனாவை ஜன்னலுக்குக் கொண்டுபோவது பொதுவாக உதவும். ஆனால் வெப்பத்தைத் தடுக்க உலோகப் பூச்சு பூசிய கண்ணாடி, அலுமினியத் தாள் ஒட்டிய சுவர்க் காப்பு, தகரக் கூரை ஆகியவை சிக்னலைப் பெருமளவு தடுத்துவிடும். அத்தகைய வீட்டில் ஆண்டெனா வெளியேதான் போக வேண்டும். சில சிறிய ரிலே கோபுரங்கள் செங்குத்து முனைவாக்கத்தில், அதாவது அலை மேலும் கீழுமாக அதிரும்படி, ஒளிபரப்பும். அங்கே ஆண்டெனாவின் கம்பிகள் படுக்கைவசமாக இருந்தால் சிக்னல் அடிமட்டத்துக்குப் போகும்; 90 பாகை திருப்பினால் வந்துவிடும். பக்கத்து வீட்டுக் கூரை ஆண்டெனாவின் கம்பிகள் எந்த வாட்டத்தில் இருக்கின்றன என்று அண்ணாந்து பார்த்தாலே விடை தெரியும்.

கேபிளுக்கு ஆர்ஜி-6 ரகம் வாங்குங்கள். அதிலும் 600 மெகாஹெர்ட்ஸில் 30 மீட்டருக்குச் சுமார் 5 டெசிபெல் இழப்பு உண்டு. வழியில் இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஒன்று இருந்தால் இன்னும் 3.5 டெசிபெல். இரண்டும் சேர்ந்தால் ஆண்டெனா பிடித்ததில் ஏழில் ஒரு பங்குதான் டியூனருக்குப் போய்ச் சேரும். நெட்வொர்க் டியூனரின் பெரிய லாபமே இங்கே இருக்கிறது: நான்கு அறைக்கு நான்கு கேபிள் பிரிக்க வேண்டியதில்லை. ஆண்டெனா வயர் வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே டியூனரை வைத்துவிட்டு, அங்கிருந்து ஈதர்நெட்டில் கொண்டுபோகலாம். ஈதர்நெட்டில் 100 மீட்டர் வரை எந்தத் தர இழப்பும் இல்லை.

சிக்னல் குறைந்தவுடன் பூஸ்டர் வாங்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பூஸ்டர் சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும், தன் பங்குக்கும் கொஞ்சம் இரைச்சல் சேர்க்கும். ஆண்டெனா பிடிக்காததை அதனால் வரவழைக்க முடியாது. கேபிளிலும் ஸ்ப்ளிட்டரிலும் வீணாவதை ஈடுகட்ட மட்டுமே முடியும். அதனால் அதன் இடம் கம்பத்தின் மேல், ஆண்டெனாவுக்குப் பக்கத்தில். டிவிக்குப் பின்னால் வைத்தால் ஏற்கெனவே நலிந்துபோனதைத்தான் பெருக்கும். கம்பத்துப் பூஸ்டருக்கு மின்சாரம் அதே கோஆக்சியல் கேபிள் வழியாகவே மேலே போகும். நடுவில் மின்சாரம் கடத்தாத ஸ்ப்ளிட்டர் இருந்தால் பூஸ்டர் உயிரில்லாமல் கிடக்கும். உயிரில்லாத பூஸ்டர், பூஸ்டரே இல்லாததைவிட மோசம், சிக்னலை மறித்துக்கொள்ளும். கோபுரத்துக்குப் பக்கத்தில் வசிப்பவர்களுக்கு நேர் எதிர்ச் சிக்கல் வரும். பூஸ்டரால் டியூனர் திணறி, நன்றாக வந்துகொண்டிருந்த சேனல்களும் காணாமல் போகும். மொபைல் கோபுரம் அருகில் இருந்தாலும் இதே கதைதான். வட அமெரிக்காவில் டிவி பட்டை 608 மெகாஹெர்ட்ஸிலும் ஐரோப்பாவில் 694-லும் முடிகிறது, அதற்குச் சற்று மேலே மொபைல் சிக்னல் ஆரம்பிக்கிறது. பூஸ்டருக்கு முன்னால் மொபைல் சிக்னலைத் தடுக்கும் எல்டிஇ ஃபில்டர் ஒன்றைப் போட்டால் தீரும்.

டியூனரை மாட்டி ஸ்கேன் முடிந்ததும் சேனல் எண்ணிக்கையை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். எச்டிஹோம்ரன்னின் ஐபி முகவரியை பிரவுசரில் தட்டினால், ஒரு சேனல் ஓடும்போது மூன்று அளவுகள் தெரியும்: சிக்னல் வலிமை, சிக்னல் தரம், சிம்பல் தரம். வலிமை 100-ஐத் தொட்டும் தரம் 50-இல் கிடந்தால், பூஸ்டர் மிகையாகப் பெருக்குகிறது அல்லது கட்டடங்களில் எதிரொலித்து ஒரே சிக்னல் பல வழிகளில் வந்து மோதுகிறது என்று பொருள். ஆண்டெனாவை ஒரு சாண் நகர்த்தி மறுபடி பாருங்கள். சிம்பல் தரம் எப்போதும் 100-ஆக இருக்க வேண்டும். அது 98 என்றால் பரவாயில்லை என்று விட்டுவிடக்கூடாது. திருத்த முடியாத பிழைகள் வருகின்றன என்பது அதன் அர்த்தம், திரையில் கட்டங்கள் உடைவதாகவும் ஒலி வெட்டுவதாகவும் அது தெரியும். டிஜிட்டல் ஒளிபரப்பு பழைய அனலாக் போலக் கொஞ்சம் கொஞ்சமாகப் புள்ளி விழுந்து மங்காது. ஏடிஎஸ்சியில் இரைச்சலுக்கு மேல் சுமார் 15 டெசிபெல் இருக்கும்வரை படம் துல்லியமாக இருக்கும், அதற்குக் கீழே இறங்கியதும் ஒரேயடியாகப் போய்விடும். அதனால் நல்ல வானிலையில் ஓரளவு மிச்சம் வைத்திருந்தால்தான் மழைக் காற்றிலும், எதிரே மரம் இலை விட்ட பிறகும் தாங்கும்.

அடுத்தது வைஃபை. 'சினிமா எல்லாம் தடையில்லாமல் ஓடுகிறது, லைவ் டிவி மட்டும் நிற்கிறதே' என்பது பலரும் கேட்கும் கேள்வி. சினிமா ஆப்கள் படத்தைத் துண்டு துண்டாக முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும், வேகம் குறைந்தால் தரத்தைக் குறைத்துக்கொள்ளும். காற்றிலிருந்து வருவதற்கு ஒரே தரம்தான். டியூனரிடம் பெரிய சேமிப்பும் இல்லை. வைஃபை ஒரு நொடி தயங்கினால் அந்த நொடித் தரவு கைநழுவும். எம்பெக்-2 என்ற வீடியோ சுருக்க முறையில் வரும் எச்டி சேனல் ஒன்றுக்கு நொடிக்கு 10 முதல் 15 மெகாபிட் வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் அது தொடர்ச்சியாகக் கிடைப்பது கடினம். டியூனரை எப்போதும் ஈதர்நெட்டில் மாட்டுங்கள். ஸ்டிக்கை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள், அல்லது ஸ்டிக்குக்கான ஈதர்நெட் அடாப்டர் ஒன்று வாங்குங்கள். 100 மெகாபிட் அடாப்டரே தாராளம்.

ஆப் 'டியூனர் கிடைக்கவில்லை' என்று சொன்னால் பெரும்பாலும் டியூனரில் கோளாறு இருக்காது. ஸ்டிக் கெஸ்ட் வைஃபையில் இருக்கும். அல்லது இன்டர்நெட் நிறுவனம் கொடுத்த ரவுட்டருக்குப் பின்னால் சொந்த ரவுட்டர் ஒன்றும் சேர்ந்து, இரண்டு தனி நெட்வொர்க்குகளாகப் பிரிந்திருக்கும். அல்லது ஸ்டிக்கில் விபிஎன் ஓடிக்கொண்டிருக்கும். டியூனரின் ஐபி முகவரியும் ஸ்டிக்கின் ஐபி முகவரியும் முதல் மூன்று பகுதிகளில் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தால், பொதுவான வீட்டு நெட்வொர்க்கில் பாதிப் பிரச்சினை அங்கேயே பிடிபடும்.

டியூனர் அனுப்புவதை ஸ்டிக்கால் விரித்துக்காட்ட முடிகிறதா என்பது இன்னொரு கேள்வி. ஏடிஎஸ்சி முதல் தலைமுறை ஒளிபரப்பு பெரும்பாலும் எம்பெக்-2. பல சேனல்களில் படம் 1080ஐ என்ற இடைவரி முறையில் வரும். இன்டர்நெட் வீடியோவுக்காகவே செய்யப்பட்ட சில ஸ்டிக்குகளில் எம்பெக்-2 டிகோடர் இல்லை, ஒலி மட்டும் வந்து திரை கறுப்பாக இருக்கும். இடைவரியைச் சரியாக இணைக்கத் தெரியாத பிளேயரில், ஓடும் பந்தின் விளிம்பும் திரையில் ஓடும் செய்தி எழுத்தும் சீப்புப் பல் போலப் பிளந்து தெரியும். பிளேயர் அமைப்பில் டீஇன்டர்லேஸ் என்பதைப் போட்டால் சரியாகும். அந்த வசதி இல்லையென்றால், நடுவில் ஒரு கணினியில் ஜெல்லிஃபின் அல்லது பிளெக்ஸ் என்ற மீடியா சர்வர் மென்பொருளை ஓட்டி, படத்தை எச்.264 என்ற வேறு சுருக்க முறைக்கு மாற்றி அனுப்ப வேண்டும். இன்டெல் குயிக்சிங்க் போன்ற வன்பொருள் உதவி உள்ள சிறிய கணினியே இதற்குப் போதும். பிளெக்ஸில் லைவ் டிவி ரெகார்டிங்குக்குச் சந்தா உண்டு, ஜெல்லிஃபின்னில் எதற்கும் கட்டணம் இல்லை. எனக்குக் கேட்டால் ஜெல்லிஃபின்தான்.

டிவிபி நாடுகளில் இன்னும் சிக்கனமான வழி இருக்கிறது. ராஸ்பெரி பை கணினியின் மேல் செருகும் டிவி ஹேட் பலகை 2018-இல் வந்தது; டிவிபி-டி2 பிடிக்கும். யுஎஸ்பி டியூனரும் உதவும். லிப்ரெஎலெக் என்ற இயங்குதளத்தை நிறுவி, அதன் ஆட்-ஆன் பட்டியலிலிருந்து டிவிஹெட்எண்ட் என்ற டிவி சர்வரைச் சேர்த்து, பிரவுசரில் 9981 போர்ட்டில் திறந்தால் அமைப்புப் பக்கம் வரும். அங்கே ஒரு நெட்வொர்க்கை உருவாக்கி, பட்டியலில் உங்கள் ஊர்க் கோபுரத்தைத் தேர்ந்து, அந்த நெட்வொர்க்கை டியூனரோடு இணையுங்கள். ஸ்கேன் முடிந்ததும் கிடைத்த சர்வீஸ்களை சேனல்களாக மேப் செய்யுங்கள். இந்தக் கடைசிப் படியைத் தவறவிடுபவர்கள்தான் 'ஸ்கேன் ஆச்சு, சேனல் வரல' என்று குழம்புகிறார்கள். யுஎஸ்பி டியூனர் தெரிகிறது, ஆனால் எந்த மக்ஸும், அதாவது ஒரே அலைவரிசையில் சேர்ந்து வரும் சேனல் தொகுப்பும், பிடிபடவில்லை என்றால் ஃபர்ம்வேர் கோப்பு இல்லையா என்று லாக்கில் பாருங்கள். டிவிஹெட்எண்டில் ஒரு டியூனராலேயே, ஒரே மக்ஸில் வரும் பல சேனல்களை ஒரே நேரத்தில் பார்க்கவும் ரெகார்டு செய்யவும் முடியும். மற்றபடி, ஒரு டியூனருக்கு ஒரு சேனல் என்றே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ரெகார்டிங்குக்கு நொடிக்கு 12 மெகாபிட் என்றால் மணிக்கு 5.4 ஜிபி ஆகும்; 2 டிபி டிஸ்க்கில் ஏறக்குறைய 370 மணி நேரம். டிஸ்க் ஃபேட்32 வடிவில் இருந்தால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது, முக்கால் மணி நேரத்திலேயே ரெகார்டிங் நின்றுவிடும். நிகழ்ச்சி அட்டவணை டிவிபியில் சிக்னலோடேயே ஒரு வாரத்துக்குச் சேர்ந்து வரும். ஏடிஎஸ்சியில் சில மணி நேரத்துக்குத்தான் உறுதியாகக் கிடைக்கும், அதற்கு மேல் வேண்டுமென்றால் தனிச் சந்தா தேவைப்படலாம்.

இன்டர்நெட் துண்டிக்கப்பட்ட நாளிலும் இந்த ஏற்பாடு ஓட வேண்டும். புயல் எச்சரிக்கை கேட்க வேண்டிய நேரம் அதுதான். ரவுட்டருக்கும் டியூனருக்கும் மின்சாரம் இருந்தால் வீட்டுக்குள் தரவு போய்வரும், ஆனால் சில ஸ்டிக்குகளின் முகப்புத் திரை இன்டர்நெட் இல்லாமல் திறக்காது. சில ஆப்கள் லாகின் கேட்டு நின்றுவிடும். ஒரு நாள் ரவுட்டரின் வெளி இணைப்பை மட்டும் உருவிவிட்டுச் சோதித்துப் பாருங்கள். ஒரு டிவிக்காவது ஆண்டெனா வயர் நேராகப் போகும்படி வைத்திருப்பது நல்லது.

கடைசியாக, எனக்குக் கவலை தரும் விஷயம் ஒன்று. அமெரிக்காவில் ஏடிஎஸ்சி 3.0 என்ற புதிய முறையில் பல நிலையங்கள் இலவச ஒளிபரப்பையே மறையாக்கம் செய்து அனுப்புகின்றன. பல டியூனர்கள் அதைப் பிடிக்கும், பூட்டைத் திறக்காது. பொது அலைக்கற்றையில் இலவசம் என்று அனுப்பும் சேனலுக்குப் பூட்டுப் போடுவதில் எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. பூட்டு இல்லாத சேனலிலும் ஏசி-4 என்ற புது ஒலிமுறையை விரிக்கத் தெரியாத பிளேயரில் படம் மட்டும் வரும், சத்தம் வராது. ஆகவே 'அடுத்த தலைமுறை' என்ற முத்திரையைப் பார்த்து மட்டும் டியூனர் வாங்க வேண்டாம். பிடிக்கும் சேனலை இன்டர்நெட் வழியாக அடுத்த வீட்டுக்கோ வெளியூர் நண்பருக்கோ விநியோகிப்பதும் கூடாது. அமெரிக்காவில் அப்படி விநியோகித்த ஏரியோ சேவைக்கு எதிராக 2014-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது, அதே வகையான லோகாஸ்ட் சேவை 2021-இல் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு மூடப்பட்டது.

தங்கள் பக்கத்தில் இனி ஒரு ஸ்ட்ரீமிங் கருவியைப் பற்றி எழுதும்போது மூன்று விவரங்களைச் சேர்த்து வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்: அதற்குள் டியூனர் உண்டா இல்லையா, எம்பெக்-2 படத்தை அது நேரடியாகக் காட்டுமா, ஈதர்நெட் இணைக்க வழி இருக்கிறதா. டியூனரைப் பற்றி எழுதினால் எந்த ஒளிபரப்பு முறை, எத்தனை டியூனர், மறையாக்கம் செய்த சேனல் திறக்குமா என்பதையும் எழுதுங்கள். வாங்குவதற்கு முன் வாசகருக்குத் தேவைப்படும் விவரம் இவ்வளவுதான், ஒரு சிறு கட்டத்துக்குள் அடங்கிவிடும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்